ஒன்பதாவது ஸ்லைடு

துணி தூங்கும் என்பது தஹ்சீனின் எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை. பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு இப்படிப் பேசினால் கம்பெனி லேபுக்கு வெளியே சிரிப்பார்கள்.

பனியன் துணி என்பது சின்னச் சின்ன வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய பின்னல். சாயம் போடும் இடத்திலும் உலர்த்தும் இடத்திலும் அதை இழுத்து இழுத்து உருளையில் சுற்றி அனுப்புகிறார்கள். வந்த ரோலைப் பிரித்து மேசையில் தளர்வாகப் போட்டுவிட வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்தில் இழுபட்ட வளையங்கள் மெல்லச் சுருண்டு தங்கள் இடத்துக்குத் திரும்பும். அதற்குப் பிறகுதான் கத்தி வைக்கலாம். கம்பெனியில் இதை 'ஆறப் போடுவது' என்பார்கள். தஹ்சீனுக்கு மட்டும் அது தூக்கம். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் துணிக் கிடங்குக்குப் போய் நிற்பாள். நீண்ட மேசைகளில் வெளிர்நீலத் துணி மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். உற்றுப் பார்த்தால் மூச்சு விடுவது போலிருக்கும். மின்விசிறிக் காற்றுத்தான், தெரியும். இருந்தாலும் காலடிச் சத்தம் கேட்காமல்தான் நடப்பாள்.

அந்த வெளிர்நீலத் துணியில் தைத்த குழந்தைகள் இரவு உடைதான் இப்போது பிரச்சினையாகி வந்திருந்தது. கடல் தாண்டிப் போன முதல் லாட் சரக்கு, ஒரே ஒரு துவைப்பில் நீளத்தில் நான்கு சென்டிமீட்டர் சுருங்கிவிட்டது. அடுத்த லாட்டை வெட்டித் தைக்க விடலாமா என்று முடிவு செய்ய, வாங்குகிறவர்களின் சென்னை அலுவலகத்திலிருந்து தர மேலாளர் ராஜ்கமல் வியாழக்கிழமை வருகிறார்.

திங்கட்கிழமை காலை முதலாளி ஈஸ்வரமூர்த்தி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, இனிமேல் என்ன பண்ணப் போறம். இதைப் படம் போட்டுச் சொல்லோணுமாம். டெஸ்ட் எடுத்தவங்களே பேசோணும்னு வேற சொல்லிப்போட்டாங்க."

"நானுங்களா சார்?"

"லேப்ல உன்னை விட்டா வேற ஆரு இருக்கறா? வாஷிங் மெஷினா வந்து பேசும்?"

அவள் தரையைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் குரலைத் தணித்தார்.

"பயப்படாதம்மா. நீ எழுதிட்டு வந்து காட்டு. ஆனா ஒரு பக்கம் மட்டும் நான் சொல்றபடி போட்டுரு. காரணம், கட்டிங்ல கவனக்குறைவு. நடவடிக்கை, கட்டிங் மாஸ்டரை வேலையை விட்டு எடுத்தாச்சு."

"தனபால் மாஸ்டரையா சார்?"

"பேரு போடாத. மாஸ்டர்னு போட்டாப் போதும். இந்த மாதிரி நேரத்துல ஒருத்தரைக் காட்டுனாத்தான் அவிங்க அடங்குவாங்க. வியாழக்கெழம மீட்டிங் முடியட்டும், நானே அவருகிட்டச் சொல்லிக்கறேன்."

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தத் துணியை வெட்டிய அன்றைக்கு அவளும் அங்கே இருந்தாள். முதல் லாட்டின் ரோல்கள் காலை ஒன்பது மணிக்கு வேனில் வந்து இறங்கின. சோதனைக்குத் துண்டு வெட்டிக்கொள்ள அவள் கத்தரிக்கோலுடன் நின்றுகொண்டிருந்தாள். தனபால் மாஸ்டர் ரோலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்குத்தான் வெட்டலாம் என்று பையன்களை வேறு வேலைக்கு அனுப்பினார். அப்போதுதான் போன் வந்தது. "இன்னும் ஆறலீங்க" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு "சரிங்க" மட்டும்தான். நான்கு முறை சரிங்க. பத்து மணிக்குக் கத்தி ஓட ஆரம்பித்துவிட்டது.

போனில் பேசியது யார் என்று அவள் கேட்கவில்லை. அந்த நான்கு 'சரிங்க'விலேயே தெரிந்துவிட்டது.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் சேர்ந்துவிட்டன. தெரிந்ததையெல்லாம் போட்டிருந்தாள். ரோல் எண், எடை, துவைப்பதற்கு முன் நீளம், பின் நீளம், அகலம், சதவீதம். எட்டுப் பத்தி, இருபத்தைந்து வரி. எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சுருங்கியிருந்தன. பயந்தவள் பேச்சுக்குப் பதில் எண்களை அடுக்கி அவற்றின் பின்னால் நின்றுகொள்வாள். தஹ்சீன் அதைத்தான் செய்திருந்தாள்.

டீ நேரத்தில் தனபால் மாஸ்டர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது, காங்கேயம் பக்கம் ஊர், எப்போதும் காதின் மேல் ஒரு சாக்குக்கட்டி. டீயை அவளிடம் நீட்டிவிட்டு மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

"இதென்னம்மிணி, பஸ் ஸ்டாண்டு டைம் டேபிளாட்ட இருக்குது?"

"துணி சுருங்குன ஷ்ரிங்கேஜ் ரிசல்ட்டுங்க மாஸ்டர்."

"அதுல ஊத்துக்குளி வண்டி எத்தனை மணிக்குன்னு போட்டிருக்குதா பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காத. இத்தனையும் நீ பேசறப்ப அந்தாளு படிப்பாரா, உன்ற பேச்சைக் கேப்பாரா?"

"ரெண்டும்..."

"ரெண்டும் நடக்காது. லே போட்டுத் துணியை அடுக்கறப்ப ஒருத்தன் பேசிட்டே இருந்தான்னா துணி கோணிக்கும். ஒண்ணு பேச்சு, இல்லீன்னா வேலை."

டீயைக் குடித்து முடித்துவிட்டு, கண்ணாடித் தம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். "அதுல என்ற பேரு எங்கயாச்சும் வருதா?"

முதலாளி சொன்னபடி போட்ட ஒன்பதாவது ஸ்லைடு அப்போது திரையில் இல்லை. இரண்டு முறை தட்டினால் வந்துவிடும்.

"பேரு வர்லீங்க மாஸ்டர்."

"வராட்டிச் சரி" என்று எழுந்துகொண்டார். "முதலாளி நாளைக்கும் நாளான்னைக்கும் லீவு எடுத்துக்கச் சொல்லீட்டாரு. கேக்காமயே லீவு குடுக்கற ஆளில்ல அவரு. அதுக்குத்தான் கேட்டேன்."

கதவு மூடியது. சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தாலாவது அழுதிருக்கலாம்.

பிறகு அழிக்க ஆரம்பித்தாள். எட்டுப் பத்தியில் இரண்டை மட்டும் விட்டுவைத்தாள்: முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு. இருபத்தைந்து வரியும் போய் இரண்டே எண்கள் மிஞ்சின, அவற்றைப் பெரிதாக்கினாள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி. சொல்ல முடிந்ததைச் சொல்லிக்கொள்ளலாம். பார்த்தால்தான் புரியும் என்பது மட்டும் திரைக்கு. அப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் பதினொன்று நின்றன. முதல் ஸ்லைடில் எழுத்தே இல்லை. ஒரு குழந்தை தூங்குகிறது. சட்டை மேலேறி வயிறு தெரிகிறது. அவளே கோடுகளால் வரைந்தாள். கடல் தாண்டி, பெயர் தெரியாத ஊரில், குளிர்காலத்தில், அந்த வயிற்றை யாராவது இழுத்து மூடுவார்களா என்று நினைத்தபோது கை சுட்டியிலேயே நின்றுவிட்டது. திரை தானாக அணைந்து, கறுப்புக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தபோதுதான் திரும்பி வந்தாள்.

கழித்த பிறகும் ஒன்பதாவதாகவே நின்ற முதலாளியின் ஸ்லைடை அவள் அழிக்கவில்லை. அழிக்கத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அம்மா அமீருன்னிசாவை எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தாள். ஐந்தாவது ஸ்லைடுக்கு வந்தபோது அம்மாவின் தலை மார்பில் சாய்ந்திருந்தது.

"அம்மா."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். துணி தூங்கோணும்னு சொன்னே."

"ஆறோணும்னு சொன்னேன்."

"தூங்கோணும்னுதான் சொன்னே. நீ பேசுனது தாலாட்டாட்டமே இருந்துச்சு, நானும் அசந்துட்டேன்."

அம்மா கேட்டது சரிதானா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. வாய் தவறி வந்திருக்கலாம்.

*

புதன்கிழமை சாயங்காலம் மாநாட்டு அறையில் ஒத்திகை பார்க்கப் போனபோதுதான் திரை இல்லை என்று தெரிந்தது. இருந்த திரை கிழிந்து ஆறு மாதமாகிறதாம். பனியன் கம்பெனியில் வெள்ளைத் துணிக்கா பஞ்சம் என்று யாரும் புதிது வாங்கவில்லை. சுவரோ வெளிர்பச்சை. அதில் போட்டுப் பார்த்தால் குழந்தை பாசி பிடித்தாற்போலத் தெரிந்தது.

கிடங்கில் ஆளில்லை. அப்போதுதான் வந்த வெள்ளை ரோல் ஒன்று கதவோரம் கிடந்தது. கை வைத்தாள். இளஞ்சூடு. பிரித்து இழுத்ததும் துணி தண்ணீர் போல மேசைமேல் பரவியது. சுவரில் திரை மாட்டியிருந்த கம்பியிலிருந்து கீழே நாற்காலி உயரத்தில் சுவரில் ஓடும் ஓரப்பட்டை வரை அளந்து வைத்திருந்தாள்; சரியாக அறுபது அங்குலம். கத்தரிக்கோல் ஓடியதே தெரியவில்லை. வெள்ளைக்குள் வெள்ளை பிரிந்து வந்தது. மேகத்தை வெட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தபடி அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

கம்பியில் கிளிப் போட்டு மாட்டிப் படத்தைப் போட்டாள். அச்சாகப் பொருந்தியது. ஒவ்வொரு ஸ்லைடின் கடைசி வரியும் துணியின் கீழ் விளிம்புக்கு ஒரு விரல் மேலே நின்றது. பதினொன்றையும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்பதாவதை மட்டும் வேகமாகத் தாண்டினாள். தூசி படியாமலிருக்கத் துணியைக் கழற்றித் தளர்வாக மடித்து மேசையில் வைத்துவிட்டு, ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

*

வியாழக்கிழமை ராஜ்கமல் அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். படிக்கட்டில் முதலாளியின் சிரிப்புச் சத்தம் கேட்டபோது தஹ்சீன் நாற்காலி மேல் நின்று கடைசிக் கிளிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். குதித்து இறங்கி முக்காட்டைச் சரிசெய்தாள். திரையைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

ராஜ்கமல் நாற்பது வயதுக்காரர். வந்ததும் மேசைமேல் ஒரு குட்டிச் சட்டையை வைத்தார். சுருங்கிப்போன சட்டை. "ஆரம்பிங்க" என்றார்.

விளக்கு அணைந்தது. ஏ.சி. காற்றில் துணி லேசாக அசைந்தது. அதில் தூங்கிய குழந்தையின் வயிறும் அசைந்தது, உண்மையாகவே மூச்சு விடுவது போல. ராஜ்கமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தஹ்சீனுக்கு அறை மறைந்துபோயிற்று. கிடங்கில் மத்தியானம் தனியாக நிற்கும்போது வரும் அமைதி வந்தது. தன் குரல் எங்கிருந்தோ கேட்டது. ரோல் எப்படி வருகிறது, எத்தனை இழுப்பு, துவைத்தால் என்ன ஆகிறது. எழுத்துகள் குளத்துக்குள் கிடக்கும் கூழாங்கற்கள் போல நெளிந்தன. இரண்டாவது போயிற்று, மூன்றாவது போயிற்று.

"ஒரு நிமிஷம்மா" என்றார் ராஜ்கமல். "கடைசி வரி செவுத்துல விழுது. படிக்க முடியலை."

ஆமாம். கடைசி வரி துணிக்குக் கீழே, பச்சைச் சுவரில் விழுந்திருந்தது.

முதலாளி எழுந்து புரொஜெக்டரைக் கொஞ்சம் தூக்கினார். கடைசி வரி துணிக்கு வந்தது. தலைப்பு கம்பிக்கு மேலே ஏறிவிட்டது. இறக்கினார். மறுபடி கீழே போயிற்று.

"நேத்துப் போட்டுப் பாத்தியாம்மா?"

"பாத்தனுங்க சார். சரியா இருந்துச்சு."

"அப்பறம் எப்படி? செவுரா வளரும்?"

அவள் துணியின் கீழ் விளிம்பைப் பார்த்தாள். ஓரப்பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியது. தொடவில்லை. நடுவில் ஒரு பச்சைக் கீற்று. இளஞ்சூடு ஞாபகம் வந்தது. கதவோரம் கிடந்த ரோல், தண்ணீர் போல ஓடிய வெள்ளை. காது மடல்கள் எரிந்தன. ஐந்தாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்தது: ரோலிலிருந்து நேரே வெட்டக் கூடாது. அந்த வரியை எழுதிய கைதான்.

சொல்லாமலும் இருக்கலாம். புரொஜெக்டர் சரியில்லை என்றால் முடிந்தது.

"செவுரு வளர்லீங்க சார். துணி சுருங்கீருச்சு" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "நேத்து சாயங்காலம் வந்த ரோலுங்க. ஆறப் போடாம நான்தான் வெட்டுனேன். அறுபது இஞ்ச் வெட்டுனேன். ராத்திரி முழுக்க மேசைல சும்மாதான் கிடந்துச்சு. தண்ணிகூடப் படலீங்க."

ராஜ்கமலின் புருவம் ஏறியது. ஆனால் முதலில் எழுந்தவர் அவரில்லை. ஈஸ்வரமூர்த்தி முப்பது வருடம் முன்பு கத்தரிக்கோலோடு இந்தத் தொழிலுக்கு வந்தவர். இன்றைக்கும் சட்டைப்பையில் டேப் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். டேப்பை உருவிக்கொண்டு போய்க் கம்பியிலிருந்து கீழ்விளிம்பு வரை பிடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். இன்னொரு ஓரத்தில் பிடித்தார். நடுவிலும் பிடித்தார்.

"அம்பத்தேழே முக்கால்" என்றார், யாருக்கும் இல்லாமல்.

"ரெண்டேகால் இஞ்ச்" என்றார் ராஜ்கமல். "ஒரே ராத்திரில."

முதலாளி டேப்பைச் சுருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார் ராஜ்கமல். கோபமில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நீ சொல்ல வந்ததே இதைத்தானே?"

"தெரியுமுங்க. அவசரமுங்க சார். இன்னைக்கு மீட்டிங். வெள்ளைத் துணி வேணும். கையில அதுதான் இருந்துச்சு. தெரிஞ்சுதான் எல்லாரும் வெட்டறாங்க. தெரியாம யாரும் வெட்டறதில்லீங்க."

இவ்வளவு நீளமாக அவள் அந்தக் கம்பெனியில் பேசியதே இல்லை. அடுத்த ஸ்லைடைத் தட்டினாள். அதற்கடுத்ததை. ஒரு நாள் ஆறிய துணியின் எண்ணும் ஆறாத துணியின் எண்ணும் பக்கம் பக்கமாக வந்தன. ராஜ்கமல் குறித்துக்கொண்டார். எட்டாவது முடிந்தது.

ஒன்பதாவது வந்தது. காரணம், கட்டிங் பிரிவின் கவனக்குறைவு. அது துணியில் விழுந்தது. மற்ற வரி பச்சைச் சுவரில். அதைப் படிக்க ராஜ்கமல் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது.

"கட்டிங் மாஸ்டர்... என்ன போட்டிருக்கு? பணிநீக்கமா?"

தஹ்சீன் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"இந்த வரி சரியா விழலையேம்மா."

"வரி மட்டும் இல்லீங்க சார்" என்றாள். "விஷயமே சரியில்லீங்க."

இனி லேபுக்குள் வரச் சொல்வார்களா என்று தெரியாது. மேசையின் கண்ணாடிமீது தன் விரல்கள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன.

"புரியலை. அவர் ஆறப் போடாம வெட்டினாரா இல்லையா?"

"வெட்டுனாருங்க. ஆறலைன்னு சொல்லிப்போட்டுத்தான் வெட்டுனாரு. நான் பக்கத்துல இருந்தேன்."

"யார்கிட்டச் சொன்னார்?"

அவளால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. டேப் மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. பிறகு நின்றது.

"எங்கிட்டத்தானுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "கப்பல் தேதி போயிருமேன்னு நான்தான் வெட்டச் சொன்னேன். அந்த ஸ்லைடும் நான் போடச் சொன்னதுதான். அந்தப் புள்ளையோடது இல்ல."

ராஜ்கமல் வெகுநேரம் சட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "ஆள எடுத்துட்டோம்னு எழுதிக் கொடுத்தா நான் ஃபைல்ல வச்சிருவேன். அடுத்த லாட்டும் சுருங்கி வரும். கப்பலுக்கு ஒரு நாள் தள்ளிக் கேக்கறேன். தருவாங்களான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா கேக்கறதுக்கு என்கிட்ட இப்ப ஒரு காரணம் இருக்கு. அந்தத் திரைத் துணியை வெட்டி ஒரு துண்டு கொடுங்க, அளவு எழுதி."

"ஒன்பதாவது, சார்?" என்று கேட்டாள் தஹ்சீன்.

முதலாளி திரும்பிப் பார்க்காமலே கையை அசைத்தார். "எடுத்துரு."

அவள் எடுத்தாள். பத்தாவது ஒன்பதாவதானது. மீதியைப் பேசி முடிக்க நான்கு நிமிடமே ஆயிற்று.

*

விருந்தாளி போன பிறகு முதலாளி லேப் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"வெளியாளு முன்னாடி என்னை நிக்க வெச்சுப்போட்ட."

அவள் எழுந்து நின்றாள்.

"அடுத்த தடவை முன்கூட்டியே எங்கிட்டச் சொல்லு. திட்டுவேன், இருந்தாலும் சொல்லு." கொஞ்சம் நகர்ந்தவர் நின்றார். "தனபாலுக்கு நீயே போன் போட்டுரு. நான் போட்டா என்னமோன்னு பயந்துக்குவாரு."

போன் எடுபட வெகுநேரம் ஆயிற்று. பின்னணியில் மாடு கத்தியது.

"சொல்லு அம்மிணி" என்றார் தனபால். குரல் சாதாரணமாக இருக்கப் பார்த்தது.

"நாளைக்கு வந்துருங்க மாஸ்டர். ரெண்டாவது லாட்டுக்குத் துணி வருது."

மாடு மறுபடி கத்தியது.

"எந்நேரம் வெட்டோணுமாம்?"

"நாளைக்கு வெட்ட வேண்டாமாம். நாளான்னைக்குத்தான். முதலாளியே சொல்லீட்டாரு."

"அட" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்ப நான் நாளான்னைக்கே வந்தாப் போதாதா? இங்க மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கற வேலை கிடக்குது."

"நீங்க வந்து விரிச்சுப் போட்டாத்தானுங்க மாஸ்டர் ஆறும்."

"அதுஞ் சரிதான்" என்றார். "காலைல மொத பஸ்ஸுக்கே வந்தர்றேன். நான் வர்ற வரைக்கும் ஆரையும் ரோலைத் தொட விடாத. நீயும் தொடாத."

"தொட மாட்டனுங்க" என்றாள் தஹ்சீன்.